நாற்பத்தொன்றாம் தோட்டத்தில் மண் இறங்குகிறது

தோட்டம் எண் 41
முயல்மேடு தோட்டச் சங்கம், லைப்சிக்
ஞாயிறு, 3 மே 2009

மதிப்பிற்குரிய திருமதி ஷிர்னர்,

உங்கள் மண்ணைத் திருடியவன் நான்தான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை, சங்கமே மூச்சுக் காட்டாமல் படுத்திருக்க வேண்டிய அமைதி நேரத்தில், நீங்கள் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தபோது, உயிர்வேலியின் ஓட்டை வழியாக மண்டிபோட்டு நுழைந்தேன். உங்கள் குடிலுக்குப் பின்னால் இருக்கும் கறுப்பு மண் குவியலிலிருந்து பன்னிரண்டு தொட்டி அள்ளினேன். அது என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளைக் குளிப்பாட்டிய தொட்டி. அதன் பக்கவாட்டில் ஒரு வாத்துப் படம் சிரித்துக்கொண்டிருக்கும். விவாகரத்தில் பால்கனி வைத்த வீடு மனைவிக்குப் போயிற்று, வாத்துத் தொட்டி எனக்கு வந்தது. ஐம்பத்து மூன்று வயதில், சொந்தமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவன் வாத்தை இழுத்துக்கொண்டு முழங்காலில் ஊர்ந்தான் என்பதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்வதாக இல்லை.

மனசாட்சி உறுத்திற்று என்று எழுத ஆசைதான். ஆனால் விஷயம் வேறு. என் பெட்டிப் பாத்தியில் மண் இறங்குகிறது.

ஏப்ரல் தொடக்கத்தில் பலகையின் விளிம்புவரை நிரப்பி, முள்ளங்கி விதைத்து, நூல்கோல் நாற்று நட்டேன். ஒரு வாரத்தில் நான்கு விரல் இறங்கிற்று. இன்று காலை ஒரு சாண். நூல்கோலைப் பார்க்கக் குனிய வேண்டியிருக்கிறது. ஆகவே, நீங்கள் உங்கள் மண்ணைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். அது உங்கள் உரிமை. மேலே ஒரு செடிகூட அசையாமல் அடியிலிருந்து எப்படி உருவுகிறீர்கள் என்பதுதான் எனக்கு எட்டவில்லை. கைத்திறமையை மெச்சுகிறேன். எடுத்து முடித்ததும் ஒரு வரி தெரிவித்தால் நான் வேறு ஏற்பாடு பார்ப்பேன்.

ஏனென்றால் என் நிலைமை உங்களுக்குத் தெரியும். சங்கம் வாடகைக்குத் தரும் இந்தத் தோட்டத்துக்கு ஆறு வருடம் வரிசையில் காத்திருந்தேன். ஜூன் 20 அன்று ஆய்வுக் குழு வரும்போது முதல் வருடக்காரன் ஐந்து சதுர மீட்டர் காய்கனி காட்ட வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரரின் கையெழுத்தும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் தோட்டம் வரிசையில் அடுத்தவருக்கு. என் நிலத்தில் மண்வெட்டி போட்டால் பழைய வீட்டுச் செங்கல்தான் வருகிறது. அதனால்தான் நான்கு மீட்டருக்கு ஒன்றேகால் மீட்டர் பெட்டி அடித்து, உங்கள் மண்ணை நிரப்பினேன். பெட்டி போனால் நான் போனேன். நான் போனால் டிராம் தண்டவாளத்துக்கு மேலே நான்காம் மாடியில், ஒற்றை ஜன்னலோடு போய் உட்கார வேண்டும்.

மார்ச் கூட்டத்தில் நடந்ததற்காக என்னோடு நீங்கள் பேசுவதில்லை. தோட்ட ஆலோசகர் என்ற முறையில் பெட்டிப் பாத்தி பற்றி இரண்டு மணி நேரம் பேசினீர்கள். நான் பக்கத்திலிருந்தவரிடம், "ரெண்டு மணி நேரம் மண்ணைப் பத்திப் பேசினா கேக்கறவனே மக்கிப்போயிடுவான்" என்று கிசுகிசுத்தேன். என் கிசுகிசு கடைசி வரிசைவரை கேட்கும் என்பது என் மனைவி ஏற்கெனவே எச்சரித்த விஷயம். மன்னியுங்கள்.

வெட்கத்துடன்,
கெர்னோட் மெல்ஹோஸ

*

தோட்டம் எண் 42
5 மே

திரு. மெல்ஹோஸ,

கடிதம் கிடைத்தது. தபால்தலை ஒட்டியிருந்தீர்கள். நான்கு மீட்டர் தூரத்துக்கு அது தேவையில்லை.

முதலாவதாக, நான் தூங்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன். நீங்கள் எடுத்தது பதின்மூன்று தொட்டி. ஒன்று வேலியில் கவிழ்ந்தது, அதை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. நான் ஏன் கூப்பிட்டுத் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். அமைதி நேரத்தில் குரல் எழுப்புவது விதிமீறல்.

இரண்டாவதாக, உங்கள் பெட்டியிலிருந்து நான் எதையும் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன்.

அடுத்தது முக்கியமானது. அந்த மண் காய்கறிக்கு உகந்தது அல்ல. மேல் மண் முழுவதையும் வெளியே எடுங்கள். உங்கள் மக்குக் குவியலில் போடாதீர்கள். காலணியைக் கழுவுங்கள். நூல்கோல், முள்ளங்கி, கோஸ் எதுவும் அதில் இருக்கக் கூடாது. காரணம் கேட்க வேண்டாம். இதை யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

கையெழுத்தைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை.

இ. ஷிர்னர்

பி.கு. அடியில் என்ன போட்டீர்கள்?

*

தோட்டம் எண் 41
6 மே

மதிப்பிற்குரிய திருமதி ஷிர்னர்,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிந்தது கொஞ்சம் குறைந்தது.

நீங்கள் எடுக்கவில்லை என்றால் யார்? வயல் எலியா? எலி தின்றால் செடியைத் தின்னும், மண்ணையா தின்னும்? அந்த மண்ணில் என்ன இருக்கிறது? காரணம் கேட்காதே என்று எழுதிவிட்டீர்கள். கேட்காமல் இருப்பதற்கு முயற்சி செய்து நேற்று இரவு தூக்கமில்லை. ஒன்றே ஒன்று மட்டும், மிகுந்த மரியாதையோடு. உங்கள் கணவரை நான் பார்த்ததில்லை. மறைந்தவர்களின் சாம்பலைத் தோட்டத்தில் புதைப்பது இந்த நாட்டுச் சட்டத்தில் குற்றம் என்றாலும், துக்கம் என்று வந்தால் மனிதர்கள் என்னென்னவோ செய்வார்கள். அப்படி ஏதாவது என்றால் பன்னிரண்டு தொட்டியையும் (பதின்மூன்று, மன்னிக்கவும்) பூவோடு திருப்பித் தருகிறேன்.

அடியில் போட்டது: பத்தொன்பது கிறிஸ்துமஸ் மரம். உங்கள் சொற்பொழிவில் அடியில் கிளைகள் போடச் சொன்னது நினைவிருந்தது. கிளைக்கு எங்கே போவது? ஜனவரியில் பண்டிகை முடிந்து தெருவெல்லாம் மரத்தை எறிந்திருந்தார்கள். அப்போதே மூன்று நாள் இழுத்துவந்து விறகுக்கென்று போட்டுவைத்திருந்தேன். சிலதில் ஜரிகை இருந்தது, ஒன்றில் தேவதை இருந்தது. அதற்கு மேலே பூங்காவிலிருந்து ஒன்பது மூட்டை இலை, இரண்டு கட்டு வைக்கோல், கடையின் அட்டைப் பெட்டிகள், புல்தரை தலைகீழாக, அதற்கும் மேலே உங்கள் மண். வெளியே இருந்து பார்க்க ஜோராக இருந்தது.

நீங்கள் சொன்னபடி முள்ளங்கி சிலவற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தேன். வீங்கியிருந்தது. ஆனால் முள்ளங்கியே ஒரு வீங்கின வேர்தானே? எனக்குத் தெரிந்த முள்ளங்கி எல்லாமே அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்று சொல்லிவிட வேண்டும். யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின சாயங்காலம் சங்கக் கூடத்தில் பீர் குடிக்கப் போயிருந்தேன். கல்லாவில் ஹனலோரே. சங்கத்தின் பீரையும் வம்பையும் ஒரே கையால் ஊற்றுகிறவள்.

"என்ன கெர்னோட், மூஞ்சி தொங்குது?"

"என் மண்ணு இறங்குது ஹனலோரே."

"அம்பது தாண்டினா எல்லாந்தான் இறங்கும். பீரைக் குடி."

"அட அது இல்ல. பெட்டிப் பாத்தியில. ஒரு சாண் போச்சு. யாரோ எடுக்கறாங்க."

அவள் துணியைக் கீழே போட்டுவிட்டாள். "என்னோடதுலயும் போச்சு! நான் என் புருஷன்தான் சரியா ரொப்பலைன்னு ஒரு வாரமா அவரைத் திட்டிட்டிருக்கேன்!"

உங்கள் பெயரை நான் எடுக்கவில்லை. ஆனால் நான் வெளியே வரும்போது இரண்டு பேர் அளவுகோலோடு அவரவர் தோட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

குழப்பத்துடன்,
கெ. மெல்ஹோஸ

*

தோட்டம் எண் 42
8 மே

திரு. மெல்ஹோஸ,

என் கணவர் மறையவில்லை. கெம்னிட்ஸில் இருக்கிறார். ஒரு பல் மருத்துவருடன்.

உங்கள் மண்ணை யாரும் எடுக்கவில்லை. பெட்டிப் பாத்தி இறங்கும். கிளையும் இலையும் மக்கும்போது நடுவே இருந்த காற்று வெளியேறும், மேலே இருக்கும் மண் கீழே போகும். ஒழுங்காக வெட்டி மிதித்து நிரப்பியவருக்கு முதல் வருடத்தில் ஒரு சாண் இறங்கும். நீங்கள் பத்தொன்பது மரத்தை முழுசாகப் படுக்க வைத்திருக்கிறீர்கள். உங்கள் பெட்டிக்குள் பாதிக்கு மேல் காற்று. செடி நட்டது காற்றின் மேல். இதை மார்ச் கூட்டத்தில் நாற்பது நிமிடம் விளக்கினேன். நீங்கள் அந்த நேரத்தில் மக்கிக்கொண்டிருந்தீர்கள்.

சங்கத்தில் இந்த வருடம் பதினான்கு பேர் பெட்டி அடித்திருக்கிறார்கள். பதினான்கும் இறங்கும். போய் ஹனலோரேயிடம் சொல்லுங்கள், இன்றைக்கே.

மேல் மண் கலவைக்கு: இரண்டு வருடம் மக்கிய உரத்தைச் சலித்து ஒரு பங்கு, நல்ல தோட்ட மண் ஒரு பங்கு, இலை மட்கு அரைப் பங்கு. களிமண்ணாக இருந்தால் ஆற்று மணல். தள்ளுவண்டிக்கு இரண்டு கை மாட்டுக் கொம்புத் தூள். கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், கட்டைவிரலால் தொட்டால் உதிர வேண்டும். நிற்கவில்லை என்றால் மணல் கூடிவிட்டது. உதிரவில்லை என்றால் பானை செய்யலாம்.

என் குவியலிலிருந்து எடுத்ததை முதலில் வெளியேற்றுங்கள். இன்னும் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். வேலிக்கு மேலே தெரிகிறது.

இ. ஷி.

*

தோட்டம் எண் 41
ஞாயிறு, 17 மே

மதிப்பிற்குரிய திருமதி ஷிர்னர்,

சொன்னேன். அன்றே சொன்னேன். உங்கள் கடிதத்தின் காற்றுப் பகுதியைக் கூடத்தில் நின்று உரக்கப் படித்தேன். ஹனலோரே கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"யாரு எழுதினது இது?"

"ஆலோசகரம்மா."

"அதானே பாத்தேன். எடுக்கறவங்க வேற எப்படிச் சொல்வாங்க? காத்து போச்சாம்! என் தோட்டத்துல காத்து எப்ப இருந்துச்சு?"

கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர், "அவங்க குடிலுக்குப் பின்னாடி ஒரு பெரிய கறுப்புக் குவியல் இருக்கு, மேல சாக்கு போட்டு மூடி வச்சிருக்காங்க, மக்கு உரத்தை யாராவது மூணு வருஷமா மூடி வைப்பாங்களா?" என்றார். அந்தச் சாக்கை விலக்கித்தான் நான் அள்ளினேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். அப்புறம் அப்படியே பீரால் அடைத்துக்கொண்டேன். கோழை என்று நீங்கள் நினைப்பது சரி.

நேற்றுக் கூட்டத்தில் நீங்களும் இருந்தீர்கள். ஆனாலும் பாதியில் எழுந்து போய்விட்டதால் மிச்சத்தை எழுதுகிறேன். தலைவர் லோபெக் முப்பது வருடம் டிராம் ஓட்டியவர். கூட்டத்தையும் அப்படித்தான் ஓட்டுகிறார். நிறுத்தம் வந்தால்தான் நிற்பார், நடுவில் யார் கையைக் காட்டினாலும் நிற்க மாட்டார். பெட்டி அடித்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் இழப்பை அறிவித்தார்கள். "பதினொரு சென்டிமீட்டர்!" "பதினேழு!" ஏலம் மாதிரி இருந்தது. என்னுடையது இருபத்து நாலு என்றதும் கைதட்டினார்கள். மனிதனுக்கு வாழ்க்கையில் முதல் பரிசு எதில் கிடைக்கும் என்று சொல்ல முடிவதில்லை.

முடிவு இது: மே 30, பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, 36-இலிருந்து 50 வரை எல்லாத் தோட்டத்திலும் குவியல்களைத் திறந்து பார்ப்பது. சங்கம் அன்றைக்குக் குப்பைக்காக ஒரு பெரிய இரும்புத் தொட்டியும் வரவழைக்கிறது.

"குவியல்" என்ற சொல் வந்தபோதுதான் நீங்கள் எழுந்தீர்கள். உங்கள் முகம் சுண்ணாம்பாக இருந்தது. கண்ணாடிக் கடைக்காரனுக்கு முகம் பார்க்கத் தெரியும். ஆனால் எனக்கு எதுவும் புரியவில்லை. நீங்கள் ஒன்றும் திருடவில்லை. திருடியவன் நான். அப்புறம் ஏன் பயப்படுகிறீர்கள்?

கெ. மெ.

*

தோட்டம் எண் 42
19 மே

திரு. மெல்ஹோஸ,

மூன்று தாள் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

கோஸ் குடும்பத்துக்கு ஒரு நோய் உண்டு. வேர் விரல் விரலாக வீங்கி அழுகும். மண்ணில் வந்துவிட்டால் பதினைந்து வருடம் போகாது. காலணியில் ஒட்டி, மண்வெட்டியில் ஒட்டிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். பத்தொன்பது வருடமாக இந்தச் சங்கத்தில் நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன்: கோஸ் நாற்றை வெளியே வாங்காதீர்கள், நீங்களே விதைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வாங்கி நோயைக் கொண்டுவந்ததற்காக 2001-இல் 29-ஆம் தோட்டத்துக்காரரை வெளியேற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தவளும் நான்தான்.

2006 வசந்தத்தில் என் கணவர் கெம்னிட்ஸுக்குப் போனார். அந்த மாதம் நான் எதுவும் விதைக்கவில்லை. ஏப்ரலில் ஒரு கடை வாசலில் கோஸ் நாற்று வைத்திருந்தார்கள். ஆறு வாங்கினேன். ஆலோசகர் தோட்டத்தில் கோஸ் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

அந்தப் பாத்தியின் மண் முழுவதையும் நானே வெட்டி எடுத்துக் குவித்து மூடினேன். மூட்டையில் கட்டி வெளியே கொண்டுபோனால் என்ன என்று கேட்பார்கள். அதனால் கொண்டுபோகவில்லை. நீங்கள் அள்ளியது அதைத்தான். நான் கண்ணைத் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் அமைதி நேரம் அல்ல. யாராவது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போகட்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. உங்கள் பாத்தியைக் கெடுக்கும் என்று தெரிந்தே. அதற்கு மன்னிப்பு இல்லை, நான் கேட்கவும் இல்லை.

30-ஆம் தேதி திறந்தால் எல்லாருக்கும் தெரியும். 29-காரருக்கு எழுதியதையே எனக்கும் எழுதுவார்கள். சரியாகத்தான் எழுதுவார்கள்.

உங்களிடம் எதையும் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

இர்ம்கார்ட் ஷிர்னர்

*

தோட்டம் எண் 41
22 மே

மதிப்பிற்குரிய திருமதி ஷிர்னர்,

என்ன சொல்வது என்று தெரியாதபோது நான் யோசனை சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் யோசனை: மிச்சக் குவியலை முதுகுப் பையில் தினம் ஒரு பையாக டிராமில் கொண்டுபோவது. கணக்குப் போட்டால் ஆகஸ்ட் ஆகும். இரண்டாவது: குவியலின் மேல் ஒரு மேசை போட்டு, விரிப்பு விரித்து, கேக் வைப்பது. லோபெக் கேக்கைத் தாண்டி எதையும் பார்க்க மாட்டார். ஆனால் ஹனலோரே பார்ப்பாள். மூன்றாவது யோசனையை எழுதிப் பார்த்தேன், என் கடைக்கு நானே தீ வைப்பதில் முடிந்தது. அடித்துவிட்டேன்.

என் மனம் எங்கே நிற்கிறது என்று எனக்கே தெரியவில்லை. காலையில் உங்கள் மேல் கோபம் வருகிறது, எனக்கு நோய் மண்ணைத் தள்ளிவிட்டீர்களே என்று. மதியம் யோசித்தால், தள்ளிவிட்டது எங்கே, நான்தான் வாத்தோடு வந்தேன். சாயங்காலம் ஆறு நாற்றைப் பற்றி நினைக்கிறேன். என் மனைவி பிரிந்துபோன அந்த மாதத்தில் நான் ஒரு பால்கனித் தொட்டி வாங்கினேன், பால்கனி இல்லாமல்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போய்விடாதீர்கள். உங்கள் தோட்டத்தில் இருங்கள்.

கெ. மெ.

*

தோட்டம் எண் 42
ஞாயிறு, 31 மே

திரு. மெல்ஹோஸ,

நேற்று நடந்ததை நீங்கள் ஊரெல்லாம் வேறு மாதிரி சொல்வீர்கள். ஆகவே நடந்தபடி ஒரு முறை எழுதி வைக்கிறேன்.

பதினெட்டுப் பேர் வந்தார்கள். 36-இலிருந்து 40 வரை திறந்து பார்த்தார்கள். 41-இல் உங்கள் குவியலைக் காட்டச் சொன்னார்கள். நீங்கள் குழந்தைத் தொட்டியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்று, "மண்ணுத் திருடன் நான்தாங்க!" என்று கத்தினீர்கள். தொட்டி உடைந்தது.

லோபெக், "மெல்ஹோஸ, கீழ எறங்குங்க" என்றார்.

"நான் ஏற்கெனவே கீழதான் இருக்கேன்."

"யாரோடதை எடுத்தீங்க?"

"42. பதிமூணு தொட்டி. வேலி ஓட்டை வழியா."

ஹனலோரே முன்னால் வந்தாள். "அப்ப எங்களோடதையும் நீதானா?"

"உங்களோடதை யாருமே எடுக்கல. ஆலோசகரம்மா சொன்னது அத்தனையும் நெசம். வாங்க, காட்டறேன்."

அப்புறம் நீங்கள் ரம்பத்தை எடுத்து உங்கள் பெட்டியின் பக்கப் பலகையை அறுத்தீர்கள். அறுக்கத் தெரியவில்லை, லோபெக் பிடுங்கி அறுத்தார். மண் சரிந்தது. உள்ளே பத்தொன்பது மரமும் ஒரு மெத்தை கனத்துக்கு அமுங்கிக் கிடந்தது. ஜரிகை பளபளத்தது. அப்புறம் 47-காரர், "நான் வைக்கோல்தான் போட்டேன், நாலு கட்டு" என்று முணுமுணுத்தார். இன்னொருவர், "நான் அட்டைப் பெட்டி" என்றார். ஹனலோரே தன் கணவரைப் பார்த்தாள். அவர் ஒரு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தார். ஒவ்வொருவராக நழுவினார்கள். 42-க்கு யாரும் வரவில்லை.

அந்த மண்ணில் என்ன இருந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீங்கள் திருடன் ஆகியிருக்க மாட்டீர்கள், ஏமாந்தவர் ஆகியிருப்பீர்கள்.

லோபெக் என்னிடம் வந்து, "புகார் குடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

"நான் தூங்கிட்டிருந்தேன். ஒண்ணும் பாக்கல" என்றேன்.

ஆகவே உங்களுக்கு வந்த எச்சரிக்கை அமைதி நேரத்தில் நடமாடியதற்கு மட்டும். உங்கள் பெட்டியில் இருந்ததெல்லாம் இரும்புத் தொட்டிக்குப் போயிற்று. தொட்டி நிரம்பவில்லை. இன்று மதியம் ஒன்று முதல் மூன்று வரை நான் என் குவியலைப் பதினான்கு தள்ளுவண்டியாகக் கொண்டுபோய் அதில் கொட்டினேன். சக்கரம் கிறீச்சிட்டது. எல்லாரும் கேட்டிருப்பார்கள். யாரும் எழுந்து வரவில்லை.

உங்களிடம் இப்போது காலிப் பெட்டியும் இருபது நாளும் இருக்கின்றன. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சல்லடையோடு நில்லுங்கள். அடியில் போடக் கிளை நான் தருகிறேன், நறுக்கி வைத்திருக்கிறேன். பேச வேண்டாம்.

இ. ஷி.

*

தோட்டம் எண் 41
ஞாயிறு, 7 ஜூன்

மதிப்பிற்குரிய திருமதி ஷிர்னர்,

பேசாமல் இருக்கத்தான் வந்தேன். ஆனால் எட்டு மணிக்கு என் வாசலில் பத்துத் தள்ளுவண்டி நின்றால் மனிதன் எப்படிப் பேசாமல் இருப்பான்?

நீங்கள்தான் வரச் சொன்னீர்களா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினீர்கள். ஆம் என்றா, இல்லை என்றா, இன்னும் தெரியவில்லை. ஹனலோரே, "உன் மேல இரக்கப்பட்டு வரல, நாங்களும் காத்தைத் திருட்டுன்னு சொன்னோமில்ல, அந்த வெக்கத்துக்கு" என்று ஒரு வண்டி மக்கு உரத்தைக் கவிழ்த்தாள். 47-காரர் குதிரைச் சாணம் கொண்டுவந்தார். "மூணு வருஷம் மக்கினது, மோந்து பாரு, காட்டு வாசனை." ஹனலோரே மோந்துவிட்டு, "குதிரை வாசனை" என்றாள். பத்துப் பேரும் பத்து ரகசியக் கலவை வைத்திருக்கிறார்கள் என்பதையும், மற்ற ஒன்பது பேரையும் முட்டாள் என்று நினைக்கிறார்கள் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். ஒருவர் முட்டை ஓடு. ஒருவர் காப்பித் தூள். லோபெக் ஒரு பையை ஒளித்து ஒளித்துக் கொட்டினார். அது கடையில் வாங்கிய மண் என்பது பைக்கு வெளியே அச்சடித்திருந்தது.

எல்லாவற்றையும் நீங்கள் சல்லடையில் போட்டு, ஒரு பிடி இறுக்கி, கட்டைவிரலால் தொட்டு, "மணல்" என்றீர்கள், "இன்னும் மணல்" என்றீர்கள். இரண்டு மணி நேரத்தில் நீங்கள் பேசியது மொத்தம் அதுதான். கடைசியில் ஒரு பிடியை என் கையில் வைத்தீர்கள். இறுக்கினேன், நின்றது. தொட்டேன், உதிர்ந்தது. என்னமோ சாதித்தவன் மாதிரி கூட்டத்தைப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை, நீங்கள் உள்பட.

நீங்கள் கொடுத்த லெட்யூஸ் கீரை நாற்று முப்பதும் நட்டாகிவிட்டது. அவரை ஊன்றினேன். காலை, மாலை அளக்கிறேன். இதுவரை ஒன்றரை விரல் இறங்கியிருக்கிறது. யாரையும் சந்தேகப்படவில்லை.

ஆனால் பதின்மூன்று நாளில் லெட்யூஸ் எவ்வளவு வளரும்? ஐந்து சதுர மீட்டர் காய்கனி என்றால் ஐந்து சதுர மீட்டர் நாற்றைக் கணக்கில் எடுப்பார்களா? பக்கத்துத் தோட்டக்காரர் கையெழுத்துப் படிவத்தை உங்கள் தபால் பெட்டியில் போட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட மனமில்லை என்றால் அப்படியே திருப்பிவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன். வருத்தப்படுவேன். ஆனால் காட்டிக்கொள்ள மாட்டேன். காட்டிக்கொள்வேன், என் முகம் அப்படி.

கெர்னோட் மெல்ஹோஸ

*

தோட்டம் எண் 42
சனி, 20 ஜூன்

திரு. மெல்ஹோஸ,

குழு வந்தபோது நீங்கள் குடிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். நாலு மணிவரை வெளியே வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

படிவம் இத்துடன் இருக்கிறது, குழுவிடம் காட்டியாயிற்று. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்கள் போட்டதில் அல்ல, என்னிடம் முன்பே இருந்த படிவத்தில். தேதியைப் பாருங்கள், மே 31.

லோபெக்கிடம் இன்று ஆறு நாற்று விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் வெகுநேரம் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "ஜூலைக் கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க, அப்புறம் அவங்க முடிவு பண்ணட்டும்" என்றார். சொல்லப் போகிறேன். 29-காரருக்கும் எழுதியிருக்கிறேன். ஆலோசகராக வைத்துக்கொள்வார்களா தெரியாது. கூட்டத்தில் முன் வரிசையில் உட்காருங்கள். கிசுகிசுக்க வேண்டாம்.

உங்கள் தோட்டம் தேறிவிட்டது. நிரந்தரம். குழு மூன்று நிமிடம் இருந்தது. உங்கள் பெட்டிப் பக்கம் யாரும் போகவில்லை. உங்கள் வாசலை ஒட்டி நிற்கும் பழைய செர்ரி மரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள். விதிப்படி காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஐந்து சதுர மீட்டர் கணக்கு.

இ. ஷி.